கோல் விழுந்தபோது நாங்கள் கார் பார்க்கிங்கில் இருந்தோம்

2007 ஜனவரியில் அபுதாபியில் வளைகுடா நாடுகளின் கால்பந்துக் கோப்பை நடந்தது. அமீரகமும் சவூதியும் மோதிய அரையிறுதிக்குப் போனோம். எனக்குப் பந்து பைத்தியமெல்லாம் இல்லை. என் ரூம்காரர் சேவியருக்காகப் போனேன் (பெயரை மாற்றியிருக்கிறேன்). குமரிக் கடற்கரைக்காரர், மணலில் பந்து உதைத்தே வளர்ந்தவர். விசா கேன்சலாகி இரண்டு நாளில் ஊருக்குக் கிளம்புகிறார். அதற்குள் இரண்டு நாட்டு அணிகள் மோதுவதைக் கேலரியில் உட்கார்ந்து ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார்.

நான் நைட் டூட்டி முடித்த கையோடு கிளம்பினேன். நாங்கள் வேலை பார்த்த ருவைஸிலிருந்து 240 கிலோமீட்டர், ஷேர் டாக்ஸியில் ஆளுக்கு முப்பது திர்ஹம், மூன்று மணி நேரம். வழியெல்லாம் மணல். டிரைவர் பெஷாவர்க்காரர். திரும்பவும் கூட்டிப் போவதாகச் சொன்னார், ஆனால் ஆட்டம் முடியும் முன்பே வந்துவிட வேண்டுமாம். அமீரகம் ஜெயித்தால் பையன்கள் கார்களோடு ரோட்டை அடைத்துவிடுவார்கள் என்று இந்தியில் கறாராகச் சொன்னார். ஷிப்ட் மாறுவதால் மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்கு டூட்டி.

ஸ்டேடியத்தில் மேளமும் பாட்டும் காதைப் பிளந்தன. அதிலும் நான் தூங்கினேன். இரண்டாம் பாதி முடியப் போகிறது, கோல் விழவில்லை. சேவியர் என் தோளை உலுக்கினார்.

"எந்திரிங்கண்ணே, போவோம். உங்களுக்குக் காலைல டூட்டி உண்டுல்லா."

முடியட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கக்கூடத் தெம்பில்லை. எழுந்து நடந்தேன்.

கார் பார்க்கிங்கை எட்டியபோது பின்னால் ஸ்டேடியமே அலறியது. கடைசி நிமிடத்தில் அமீரகம் போட்ட ஒரே கோல். சேவியர் திரும்பி ஓடினார், கேட்டில் விடவில்லை. எனக்கு அழுகை வந்தது.

இவ்வளவு செய்தும் கொடி கட்டிய கார்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டோம். ஆகவே போகிறவர்கள் கடைசி விசில் வரை உட்காருங்கள். சீக்கிரம் கிளம்பினாலும் ரோடு விடாது. சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். நைட் டூட்டி முடித்தவனைத் துணைக்குக் கூப்பிடாதீர்கள்.

டிரைவர் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டிருந்தார். சேவியர் அவரிடம் அந்தக் கோலைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார். அபுதாபி தாண்டியதும் பின் சீட்டில் என் பக்கம் சாய்ந்தார்.

"ஊருல பயலுவ கேட்டா கண்டேன்னுதான் சொல்லுவேன்ணே."

தாராளமாகச் சொல்லுங்கள் என்றேன்.

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எந்தக் கால்ல அடிச்சான்னு கேப்பானுவளே?"