இரும்புக் குளவியும் மூணுயிர் அக்காவும்

எங்கள் அலுவலகத்தில் சாவதற்கென்றே சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அக்காதான். இருபது வருடம் கட்டடம் கட்டடமாகத் தரை துடைத்து முழங்கால் தேய்ந்தவர். எட்டு மாதத்துக்கு முன், எங்கள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தவரை மேலாளர் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து, கையில் வீடியோ கேம் ஆடும் கன்ட்ரோலரைக் கொடுத்தார். வீடியோ கேமே தெரியாத ஒருவர் எங்கே தடுமாறுகிறார், எங்கே சாகிறார் என்று பார்த்து, நாங்கள் உருவாக்கும் விளையாட்டைத் திருத்துவது எங்கள் வழக்கம். ஆட்டத்துக்கு மூன்று உயிர் என்பதால் அவருக்கு 'மூணுயிர் அக்கா' என்று பெயர் வைத்தோம்.

"இன்னைக்கு எத்தனை தடவைக்கா செத்தீங்க?" என்போம்.

"உங்க புண்ணியத்துல நாப்பது தடவை. அந்த இரும்பு வண்டுக்கு என்மேல என்ன கோபமோ" என்பார்.

விளையாட்டில் ஒரு சின்னப் பெண் மேடைக்கு மேடை தாவிப் போவாள். வழிமறிக்க இயந்திரப் பூச்சிகள்: உருண்டு வரும் வண்டு, ஸ்பிரிங் காலால் பாயும் வெட்டுக்கிளி, கடைசியில் குளவி. குளவி நான் உருவாக்கியது. பொந்திலிருந்து பாய்ந்து, தாவித் தப்பிக்க ஒரு கணம் கொடுத்து, ஊசியை இறக்கும். அந்த ஒரு கணத்துக்காக மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

போன மாதம்தான் கவனித்தேன். குளவி வெளியே வருமுன்பே அக்காவின் கட்டைவிரல் தாவும் பொத்தான்மேல் போய் நின்றது. ஆனால் அழுத்தவில்லை. வேண்டுமென்றே ஊசியை வாங்கிச் செத்தார். அடேயப்பா, அவருக்கு எல்லாம் அத்துப்படி. ஆட்டம் பழகிவிட்டது என்று தெரிந்தால் வேறு ஆளைக் கூட்டிவருவார்கள்; அக்காவுக்கு மறுபடி துடைப்பம்தான். "ஆபீஸ்ல உட்கார்ந்து பாக்குற வேலைன்னு சொன்னா என் தங்கச்சி நம்பவே மாட்டேங்கிறா" என்று பெருமையாகச் சொன்னவர். நான் கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை மேலாளர் அக்காவின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். குளவியிடம் ஓர் உயிர் போனது. இரண்டாவதும் போனது.

"ஏற்கனவே ரெண்டு தடவை வேகத்தைக் குறைச்சாச்சு. எட்டு மாசமா விளையாடுறவங்களாலயே தாண்ட முடியல. இந்தக் குளவியே வேண்டாம், தூக்கிடுங்க" என்றார் என்னிடம்.

"இல்ல சார், குளவி சரியாத்தான் இருக்கு. அக்காதான் வேணும்னே..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வேணும்னே?" மேலாளர் என்னையே பார்த்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது உயிரைத் தொடங்கினார்.

வண்டைத் தாண்டினார். வெட்டுக்கிளியின் முதுகிலேயே கால்வைத்து மேலே ஏறினார். குளவி பாய்ந்தது, ஒரு தாவல். அடுத்தது பாய்ந்தது; இன்னொரு தாவல். மொத்தம் ஒன்பது குளவிகள். போதும்க்கா, ஒன்றிலாவது மாட்டிக்கொள்ளுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஓர் ஊசிகூட உரசாமல் ஆட்டத்தை முடித்தார்.

"குளவி இருக்கட்டும்" என்றார் மேலாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமை புது ஆள் பாத்துக்கலாம். நீங்க பழைய வேலைக்கே போயிடுங்கக்கா" என்றார்.

அக்கா கன்ட்ரோலரின் வயரைச் சுற்றிவைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"அக்கா, நான் சொல்ல வந்தது..." என்று இழுத்தேன்.

"விடுப்பா. நீ பாதியில நிறுத்துன பேச்சை நான் ஆடி முடிச்சு வச்சேன், அவ்வளவுதான்" என்றார்.

நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.