வேர்க்காத உடம்பு

உத்திராபதிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. செஞ்சி கடைத்தெருவில் மளிகைக் கடை வேலை. சும்மா சும்மா கொல்லைத் தொட்டிக்கு ஓடித் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொள்வான். ஊர் அவனுக்குத் 'தவளை' என்று பெயர் வைத்தது. வேலைக்கள்ளன் என்றார் முதலாளி. பிறந்ததிலிருந்து ஒரு சொட்டு வியர்வை வந்ததில்லை என்றால் எவன் நம்புவான்? வாயில் மொத்தமே நாலு பல். அதைப் பார்த்துச் சிரிக்க மட்டும் எல்லாருக்கும் நேரம் இருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் புதுச்சேரி டாக்டர் ஒருவர் விளக்கினார். அவன் தோலில் வியர்வைச் சுரப்பியே இல்லை; பல் முளைக்காததும் அதே குறையால்தான். தாய் வழியாக ஆண் பிள்ளைக்கு வருவது. பெண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அவள் பெறும் மகனுக்குப் போகலாம். "குளிரான ஊர்ல பொறந்திருந்தா சமாளிச்சிருப்பே. உங்க ஊர் வெயில்தான் உனக்கு எமன்," என்றார்.

தங்கை நீலாவதி சிங்கவரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். விஷயம் தெரிந்தால் புகுந்த வீட்டில் அவளை வாழவிட மாட்டார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டான். அடுத்த வருஷம் அவளுக்கு மகன் பிறந்தான். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கம் போனது.

சித்திரையில் ஒரு நடுப்பகல். மல்லாட்டைக் கடலை மூட்டையோடு கடைக்கு வந்த சிங்கவரத்துப் பச்சமுத்து, "உன் தங்கச்சி புள்ளைக்கு அம்மை போட்டுருக்குதாம்," என்றான். உத்திராபதி சைக்கிளை எடுத்தான். சிங்கவரம் வரை அவன் நின்று போக எட்டு மர நிழல், துண்டு நனைக்க மூன்று இடத்தில் தண்ணீர். அன்று ஒரே ஒரு கிணற்றடியில்தான் நின்றான்.

வாசலில் வேப்பிலை. நீலாவதியின் மாமியார் ராஜம்மாள் மறித்தாள். "ஆத்தா வந்திருக்கறா. வெளியாளு உள்ள வரக் கூடாது."

அவளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தி, பிள்ளை நெருப்பாய்க் கிடந்தான். ஒரு கொப்புளம் இல்லை. நெற்றியில் ஈரம் இல்லை.

"இது அம்மை இல்ல அத்த. எனக்கு இருக்கறதுதான் இவனுக்கும் இருக்குது. தண்ணி ஊத்துங்க."

"எம்புள்ளையும் தவளையா?" என்றாள் நீலாவதி. "தெரிஞ்சும் சொல்லாம இருந்தியா?"

உத்திராபதி தலையிலிருந்த ஈரத்துண்டை எடுத்துப் பிள்ளையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். ராஜம்மாள் தலையில் அடித்துக்கொண்டு சாபம் விட்டாள். தொட்டியோரம் அவனுக்கே கண் இருட்டியது. பிள்ளையை மட்டும் விடவில்லை.

பொழுது சாயும்போது பிள்ளை பாலுக்கு அழுதான். நீலாவதி அவன் ஈறுகளை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு வயதாகப் போகிறது, ஒரு பல் அரும்பவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கேட்டாள்:

"அண்ணா, வர்ற வழியில எந்தெந்த மரத்தடியில நிப்பே? ஒண்ணு விடாம சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள்.