பிலோமினா அக்கா சுட்டு வைத்த டயர்த் தடம்

பெண்ணாடத்திலிருந்து போன் வந்தபோது நான் சூளையிலிருந்து ப்யூஸ் கட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். தம்பி வீட்டுக்குப் போயிருந்த பிலோமினா அக்கா, காலையில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை என்றார்கள். கையிலிருந்த தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்த பிறகுதான் அழுதேன். அவர் பழக்கிய பழக்கம் அப்படி. யார் செத்தாலும் பீங்கானைக் கீழே போடக் கூடாது என்பார்.

அவரை இந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விருத்தாசலத்தில் கார் ஓட்டும் அம்மா என்றால் ஜங்ஷன் ஆட்டோக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் வந்தால் ஒதுங்கி வழிவிடுவார்கள். மரியாதையால் அல்ல, பயத்தால். நானும் அவரும் கூட்டாக ஒரு சின்னப் பீங்கான் யூனிட் நடத்தினோம். ப்யூஸ் கட்டைதான் சோறு போட்டது, பொம்மைகள் ஆசைக்கு. புது மாதிரி எதையாவது செய்து நாங்கள் துள்ளிக் குதித்தால், "சுட்டப்புறம் பேசு" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிடுவார். பச்சை மண்ணாக நேராக நிற்பது சூளைக்குள் போனதும் கோணிக்கொள்ளும் என்பதை அவரைவிட அதிகமாகப் பட்டறிந்தவர் எங்கள் ஊரில் கிடையாது. அந்த மனுஷிக்கா இப்படி ஒரு தப்பு நேர வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. சரக்குக் கொண்டுபோக ஒரு பழைய காரை வாங்கியிருந்தோம். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் புது டயர் போடப் போன இடத்தில், கடைக்காரர் கழற்றிய டயரைப் புரட்டிக் காட்டினார்.

"உள்பக்கத்த பாருங்கம்மா, ஒரு ஓரமா வழிச்ச மாரி தேஞ்சிருக்குது. சக்கரம் நேரா நிக்கலங்க. கடலூருக்குப் போயி அலைன்மென்ட் பாத்துட்டு வந்துடுங்க. இல்லன்னா புதுசும் இப்பிடித்தான் போவும்."

"அது முன்னாடி வெச்சிருந்த ஆளு ஓட்டுன லட்சணம்" என்றார் அக்கா. "எனக்கு ஸ்டீரிங் ஒரு பக்கமும் இழுக்கலையே?"

"ரெண்டு சக்கரமும் ஒரே மாரி கோணியிருந்தா இழுக்காதுங்க."

அக்கா வண்டியை எடுத்தார். அது சூளை ஏற்றுகிற வாரம். கடலூருக்குப் போனால் ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆனால் கடைக்காரர் சொன்னது மனசில் உறுத்தியிருக்க வேண்டும். யூனிட்டுக்கு வந்ததும், பிசைந்து வைத்திருந்த களிமண்ணை முற்றத்தில் சப்பாத்தி போலப் பரப்பச் சொன்னார். அதன்மேல் முன்சக்கரத்தை மெதுவாக ஏற்றி இறக்கினார். சக்கரம் கோணலாக இருந்தால் மண்ணை ஒரு பக்கமாக இழுத்து மெழுகிவிடும் என்பது அவர் கணக்கு. தடமோ அச்சு எடுத்தது போல விழுந்திருந்தது.

"பாத்தியா செல்வி? மண்ணு பொய் சொல்லாது" என்றார். வேறு எந்த ஊர்க்காரராவது காரை மண்ணிடம் விசாரித்திருப்பாரா? எங்களுக்கு அது வெகு நியாயமாகப் பட்டது.

அத்தோடு விட்டாரா? தடம் விழுந்த இடத்தைச் சதுரமாக அறுத்து, காயவைத்து, சூளையிலும் ஏற்றிவிட்டார். வெளியே வந்தபோது ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. "அக்கா, சுட்டப்புறம் கோணிக்கிச்சு" என்று சிரித்தேன். "போடி, அது சூளை கோணல். காரு கோணல் இல்ல" என்று சொல்லித் தன் மேசைக்கு மேலே நிறுத்தி வைத்தார். யூனிட்டுக்கு வந்த உங்களில் பலர் அந்தச் சுட்ட மண் பலகையைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள்.

அவருக்கு ஸ்டெல்லா என்று ஒரே ஒரு தங்கை. வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்துகொண்டு வடக்கே போனவர். அந்தக் கல்யாணத்துக்கு அக்கா போகவில்லை. அப்பாவுக்குப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, வழியில் பஸ் நின்றுவிட்டது என்று தங்கைக்குச் சொல்லி அனுப்பினார். அந்தப் பொய்யை என்னிடம் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டயர் போட்டுச் சில மாதங்கள் கழித்து ஸ்டெல்லாவிடமிருந்து தகவல் வந்தது. கைக்குழந்தையோடு வேளாங்கண்ணிக்குப் போகிறேன், அப்பா இருக்கிற ஊருக்குள் கால் வைக்க மாட்டேன், ரயில் விழுப்புரத்தில் கொஞ்ச நேரம் நிற்கும், பாப்பாவை வந்து பார்த்துவிட்டுப் போ என்று. அக்கா குழந்தைக்காக ஒரு குட்டிப் பீங்கான் யானை செய்தார். விழுப்புரத்துக்குப் போடவேண்டிய சரக்கும் இருந்ததால், டிக்கி நிறையப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினோம். வண்டி ஓட்டும்போதும் யானை அவர் மடியிலேயே இருந்தது.

உளுந்தூர்பேட்டை தாண்டியதும் முன்டயர் வெடித்தது. நல்லவேளை, வண்டி ஓரமாக நின்றது. ஸ்டெப்னியோ டிக்கிக்குள், அத்தனை பெட்டிகளுக்கும் அடியில். "நீங்க பஸ்ஸுல போங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்று கத்தினேன். முதலில் வந்த பஸ் நிற்கவே இல்லை. வெகு நேரம் கழித்து இன்னொன்று வந்து நின்றது. ஏறிப் போனார்.

உதவிக்கு நின்ற லாரி டிரைவர் டயரைக் கழற்றிப் புரட்டினார். வெளிப்பக்கம் புத்தம் புதுசு. உள்ஓரம் நூல் தெரியத் தேய்ந்திருந்தது. களிமண் தடத்தைப் பற்றி நான் சொன்னதும் அவர் கேட்டார், "காலி வண்டியிலயா பாத்தீங்க? பின்னாடி லோடு ஏறுனா முன்பக்கம் தூக்கிக்கும், சக்கரம் நிக்கற நிலையே மாறிடுங்க. லோடு ஏத்திப் பாத்திருக்கணும்." சுட்டப்புறம் பேசு என்று ஊருக்கே சொன்னவர், காரை மட்டும் பச்சையாக வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் அக்கா பஸ்ஸில் திரும்பி வந்து இறங்கினார். கையில் யானை அப்படியே இருந்தது. "போயிடுச்சு" என்றார். யானையைப் பெட்டிக்குள் வைக்கோலில் சொருகினார். பிறகு அதை நான் பார்க்கவில்லை.

நடந்ததைத் தங்கைக்கு எழுதச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினேன். "என்னன்னு எழுதுவேன்? போன தடவ பஸ்ஸு நின்னுச்சு, இந்த தடவ டயரு வெடிச்சிச்சுன்னா? புது டயரு வெடிச்சிச்சுன்னா அவ நம்புவாளா? நானே நம்பமாட்டேன்" என்பார். அதற்கு மேல் பேசவிடமாட்டார். ஸ்டெல்லாவிடமிருந்தும் அப்புறம் தகவல் இல்லை. அப்பா இறந்தபோதுகூட அவர் வரவில்லை.

மறுநாளே அக்கா கடலூருக்குப் போய் அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஊரில் யார் டயர் மாற்றினாலும் போய் நிற்பார். "பழைய டயரு உள்பக்கம் எப்படி தேஞ்சிருந்துச்சு? லோடு ஏத்திப் பாத்தீங்களா?" பங்குச் சாமியாரின் ஜீப்பைக்கூட விடவில்லை. பையனுக்குப் பெண் முடிவாகிவிட்டது என்று இனிப்போடு வந்தவர்களிடமும், "லோடு ஏத்திப் பாத்தீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சொல்லிவிட்டு அவர் மட்டும் சிரிக்கமாட்டார் என்பதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

முப்பதாம் நாள் பூசைக்கு ஸ்டெல்லா வந்திருந்தார், அன்று கைக்குழந்தையாக இருந்து இப்போது தோள் உயரம் வளர்ந்துவிட்ட மகளோடு. பூசை முடிந்ததும் யூனிட்டைப் பார்க்க வந்தவர், அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"விழுப்புரத்துல வண்டி கெளம்பற வரைக்கும் இவள ஜன்னல்ல தூக்கிப் புடிச்சிகிட்டே இருந்தேன்" என்றார். "அக்கா வரவே இல்ல. ஏன்னு ஒரு வார்த்தைகூட வரல. சரி, நம்மள வேணாம்னு வெச்சிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்."

தடம் பதிந்த மண் பலகையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். களிமண், டயர், டிக்கிப் பெட்டிகள், நிற்காத பஸ் என்று எல்லாவற்றையும் சொன்னேன். "வந்தாங்கம்மா. ரயிலு போனப்புறம் வந்தாங்க. சொன்னா நீங்க நம்பமாட்டீங்கன்னு விட்டுட்டாங்க. கல்யாணத்தப்ப பஸ்ஸுன்னு பொய் சொன்னதால."

ஸ்டெல்லா அந்தத் தடத்தின் பள்ளங்களில் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

"பஸ்ஸு பொய்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "அப்பாவுக்குப் பயந்துகிட்டும் எனக்குன்னு ஒரு பொய் சொல்லி அனுப்புனாங்களே, அதுவே போதும்னு இருந்தேன். இதுக்கும் ஒரு பொய்யாவது சொல்லியிருக்கலாமே."

நின்றபடியே அழுதார். அவர் மகள் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

அந்த மண் பலகையை ஸ்டெல்லாவே கொண்டுபோய்விட்டார். மேசைக்கு மேலே இப்போது வெறும் சுவர்தான். வரிசையாக யூனிட்டுக்கு வந்து அக்காவின் அன்பையும் தைரியத்தையும் புகழ்ந்துவிட்டுப் போகிறீர்கள். நீங்கள் சொல்வதெல்லாம் வாஸ்தவம். ஆனால் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர்மேல் உள்ள கோபத்தை. அக்கா, சக்கரத்தையாவது காலியாக வைத்துச் சோதித்தீர்கள். தங்கை மனசை அதுகூடச் செய்யவில்லையே. ஒரு கார்டு போட்டிருக்கலாமே, அக்கா.