வியாழன்மேல் பழி

மலேசியாவில், கோலா கிளாவாங் பக்கத்து எஸ்டேட்டில் நான் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்தபோது அங்கே ஒரு டிராக்டர்க்காரர் இருந்தார். ஒல்லியான, கறுத்த மனிதர். பேசுவதற்கு முன்னால் தோள் துண்டால் உள்ளங்கைகளைத் துடைத்துக்கொள்வார்.

குன்றின்மேல் இருந்த காட்டைக் கம்பெனி வெட்டித் தள்ளிய பிறகு வந்த முதல் பெருமழையில், வெள்ளம் அவர் மனைவியை அடித்துக்கொண்டு போனது. அதுபற்றிய கூட்டத்தில் மேனேஜர் எழுந்தார். "வியாழன் கிரகமும் வெள்ளி கிரகமும் இழுக்கிறதால பூமி சுத்துற பாதையே லட்சக்கணக்கான வருஷத்துல மாறுது. அதோட பருவமும் மாறுது. யார் மேலயும் தப்பு இல்ல," என்றார். டிராக்டர்க்காரர் கைகளைத் துடைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த மழைக்காலத்தில் மேனேஜரும் நானும் போன கார் ஆற்றோரம் வெள்ளத்தில் சிக்கியது. கரையில் டிராக்டர்க்காரர் தன் வண்டியோடு நின்றார். பின்னால் எஸ்டேட் ஜனங்கள். யாரும் அசையவில்லை.

"அண்ணே, கயித்தப் போடுங்க!" என்று மேனேஜர் கத்தினார்.

"லட்சம் வருஷத்துல மாறுறது, காட்ட வெட்டின மறு மழைக்கே எப்படி சார் வந்துச்சு? சொல்லுங்க, போடுறேன்."

தண்ணீர் என் மார்புக்கு வந்துவிட்டது.

"நாங்க வெட்டினதாலதான்!"

"சத்தமா லா. எல்லாரும் கேக்கணும்."

மேனேஜர் அழுதுகொண்டே மறுபடி கத்தினார். கயிறு வந்து விழுந்தது.

கரையேறியதும் டிராக்டர்க்காரரிடம் கேட்டேன்: "அவரு சொல்லலன்னா என்னையும் விட்டிருப்பீங்களா?"

"தெரியலம்மா," என்றார்.

இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லாததால்தானோ என்னவோ, அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் வரவில்லை.