இன்குபேட்டரில் அப்பா

அப்பா இறந்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி போகும் சாலையில் இறங்கி, உள்ளே கொஞ்சம் நடந்தால் எங்கள் ஊர். கருமாதி முடிகிறவரை வீட்டை விட்டுப் போகக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டார். அத்தை அப்பாவின் தங்கை. வல்லத்திலிருந்து வந்தவர், வந்த நாளிலிருந்து வீட்டையே கையில் எடுத்துக்கொண்டார். நான் வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டு, சென்னையில் என்னோடு வேலை பார்க்கும் தோழிக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"மீடியா மாத்திட்டியா? கலர் மஞ்சளாவலையே?"

துக்கம் கேட்க வந்தவர்கள் நான் ஏதோ பெயிண்ட் வேலை எடுத்திருப்பதாக நினைத்திருப்பார்கள்.

என் வேலை மூளைத் திசு வளர்ப்பது. வயதான காலத்தில் வரும் மறதி நோயை ஆராய, உயிரோடு இருக்கிறவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. அதனால் அவர்கள் கொடுக்கும் ரத்தத்திலிருந்து செல்லைப் பிரித்து, அதைக் கருவில் இருந்த நிலைக்குத் திருப்பி, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிக்குள் மாதக்கணக்கில் வளர்க்கிறோம். கடைசியில், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைப் பருப்பில் பாதிகூட இல்லாத ஓர் உருண்டை திரளும். மீடியா என்பது அதற்கு நாங்கள் ஊற்றும் சத்து நீர். இளஞ்சிவப்பாக இருக்கும். நாள் தவறாமல் மாற்றாவிட்டால் மஞ்சளாகி, உருண்டை செத்துப்போகும். கல்யாணம், காய்ச்சல், சாவு எதையும் அது கேட்காது.

அப்பாவும் ரத்தம் கொடுத்தவர்தான். மறதி ஆரம்பித்திருந்த காலம். விழுப்புரத்து டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போவேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "நம்ம ஊரு வந்துடுச்சி, எறங்கு" என்று எழுந்துவிடுவார். எனக்கு எரிச்சல் வரும். சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். ஆனால் ரத்தம் கேட்டபோது தெளிவாகத்தான் இருந்தார்.

"இத்தால எனக்கு நல்லாவுமா?"

"உனக்கு ஆவாதுப்பா. பின்னால வர்றவங்களுக்கு ஆனாலும் ஆவும்."

"அப்ப எடுத்துக்கோ" என்று கையை நீட்டினார்.

லேபில் பெயரை எடுத்துவிட்டு எண் போட்டுவிடுவார்கள். உருண்டைகள் வளரும் தட்டுகளில் எது அப்பாவுடையது என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. இருக்கிற தட்டுகளில் ஒன்று அவர், அவ்வளவுதான். இதை அம்மாவிடம் அப்படியே சொல்லியிருக்க வேண்டும். அப்பாவுக்குக் கேப்பைக் கூழை ஊட்டி, அவர் துப்பி, மறுபடி ஊட்டி அம்மா ஓய்ந்துபோய் உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம், ஆறுதலாக இருக்கட்டுமே என்று "அங்க லேப்ல அப்பா நல்லா வளர்றாரும்மா" என்று சொல்லிவைத்தேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

கருமாதி அன்று விடியும் முன்பே அம்மாவுக்குப் பூ வைத்து, கை நிறைய வளையல் போட்டு நடுக்கூடத்தில் உட்காரவைத்தார்கள். மேல்மலையனூரிலிருந்து மாமா கொண்டுவந்த கோடிப் புடவை தட்டில் இருந்தது. பக்கத்தில் சொம்பில் பால். தாலியைக் கழற்றி அதில்தான் போட வேண்டும்.

அம்மா தாலியைக் கையால் பொத்திக்கொண்டார். "நான் கழட்டமாட்டேன். அவரு இன்னும் இருக்காரு. மெட்ராஸ்ல. இவதான் பாத்துக்கினு இருக்கா."

கூடமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "என்னா பேஜாராப் பூட்ச்சி" என்றார் அத்தை. "படிச்ச பொண்ணுதானே நீ. எடுத்துச் சொல்லி இட்டுக்கினு வா. பொழுது விடியப்போவுது."

அம்மாவைச் சமையல்கட்டுக்கு அழைத்துப்போனேன். இந்தச் சடங்கைக் கண்டாலே எனக்கு ஆகாது. அம்மா தாலியோடு இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் அரைகுறையாகச் சொன்ன ஒன்றை நம்பிக்கொண்டு, அப்பா எங்கோ இருக்கிறார் என்று அவர் காத்திருப்பதை என்னால் தாங்க முடியாது. அதனால் அத்தை செய்ய வேண்டிய வேலையை நானே செய்தேன்.

"அது அப்பா இல்லம்மா. செல்லைப் பின்னால திருப்பிடுவோம். அவரோட வயசெல்லாம் அழிஞ்சிடும். பொறக்காத புள்ள மாதிரி அது. உன்னைக் கட்டினது, என்னைப் பெத்தது, எதுவும் அதுக்குத் தெரியாது. உன்னை யாருன்னே தெரியாதும்மா."

அம்மா அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டு பொறுமையாகக் கேட்டார். அழுவார் என்று எதிர்பார்த்தேன்.

"கடைசி ரெண்டு வருசமா அவருக்கும்தான் என்னைத் தெரியல" என்றார். "யாரும்மா நீ, எந்த ஊருன்னு கேட்டுக்கினேதான் கூழு குடிச்சாரு. அதுக்காக அப்பக் கழட்டிட்டேனா?"

அழுதது நான்தான். இத்தனை வருடப் படிப்பில் அந்தக் கேள்விக்கு ஒரு வரிகூட இல்லை.

கூடத்துக்கு வந்து, "அம்மா கழட்டமாட்டாங்க அத்தை" என்றேன். அத்தைக்குக் கண் சிவந்துவிட்டது. சின்ன வயதிலேயே தாலியைக் கழற்றியவர் அவர். "என்னை யாரும் கேக்கலியே" என்று சொல்லிவிட்டுப் பால் சொம்பை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். அம்மா கோடிப் புடவையைக் கட்டிக்கொண்டு, தாலியோடே அப்பாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். சிலர் சாப்பிடாமல் கிளம்பிப்போனார்கள்.

படையல் முடிந்து இலை போடும்போது தோழியிடமிருந்து போன். அவளுக்குக் காய்ச்சல், நாளை வர முடியாது. நான் எப்படிச் சொல்வது என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

"அங்க சோறு வெக்க ஆளு இல்லியா?"

தலையாட்டினேன்.

"அப்ப ஜல்தி கெளம்பு. திண்டிவனத்துல பஸ் கெடைக்கும்." படையலில் இருந்த வடையைக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள் திணித்தார். "எது அவருன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாதும்மா. நம்பர்தான் இருக்கும்." இப்போதுதான் அதைச் சொன்னேன்.

அம்மா பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "செரி வுடு. எல்லாத்துக்கும் வயிறார வை" என்றார்.