கைத்தாங்கல் வேண்டாம் என்ற டாக்டரம்மா

நேற்றுக் காலை கீரைக்கார முனியம்மாதான் வந்து சொன்னாள். கூடையைக்கூட இறக்காமல் வாசலில் நின்றபடி, "சாந்தோம் டாக்டரம்மா விடிகாலம் பூட்டாங்கம்மா. மாதா கோயில்ல மணி அடிச்சிக்கினே கீது" என்றாள். நான் கபாலீசுவரருக்கு மாலை கட்டிக்கொண்டிருந்தேன். பாதி மாலையை நாரோடு கீழே வைத்துவிட்டேன். பிறகு எடுத்துக் கட்டி முடித்தேன். டாக்டரம்மா பக்கத்தில் இருந்திருந்தால், கையில் எடுத்த காரியத்தை முடித்துவிட்டு அழு என்றுதான் சொல்லியிருப்பார்.

நம் மாதர் சங்கத்தில் டாக்டர் ஞானம்மாளைத் தெரியாதவர்கள் கிடையாது. உங்களில் பாதிப் பேருக்குப் பிரசவம் பார்த்தவர். பென்ஷன் வாங்கிய பிறகு மத்தியான வேளைகளில் தம் வீட்டு முன்னறையில் வயதானவர்களை மட்டும் பார்த்துவந்தார். மனுஷருக்கு ஏன் மூப்பு வருகிறது என்பதைப் பற்றிச் சீமையிலிருந்து வைத்தியப் பத்திரிகைகளை வரவழைத்துப் படிப்பார். நானோ கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். சங்கத்துக் காரியதரிசி என்னை எழுதச் சொன்னபோது, "எனக்குப் பேசத்தானேம்மா தெரியும்" என்றேன். "பேசினா நீங்க நிறுத்தமாட்டீங்க. எழுதினா காகிதம் தீர்ந்ததும் நிப்பீங்க" என்று சொல்லி நாலு தாள் கொடுத்துவிட்டுப் போனாள். அதனால் ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் சர்க்கார் ஆபீஸில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஐம்பத்தைந்தாம் வயதில் பென்ஷன் வாங்கினார். லஸ் முனையில் டிராமைப் பிடிக்க ஓடியே காலம் கழித்தவர். இத்தனை வருஷம் உழைத்துவிட்டார், இனி ஒரு துரும்பையும் அவரை அசைக்க விடமாட்டேன் என்று நான் கற்பகாம்பாள் சந்நிதியில் சங்கல்பம் செய்துகொண்டேன். கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டேன். காப்பி, பத்திரிகை, வெற்றிலை, துப்பப் படிக்கம் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுந்தால் முழங்கால் வலிக்கிறது என்று ஒருநாள் சொன்னார். மறுநாளே ஒரு முக்காலி வாங்கி, சாப்பாட்டையும் நாற்காலிக்கே கொண்டுவந்துவிட்டேன். உடுத்துகிற வேட்டியைக்கூட நானே எடுத்து நீட்டுவேன். புருஷனைத் தாங்கினால் விசாலத்தைப் போலத் தாங்க வேண்டும் என்று தெருவே என்னைக் காட்டிச் சொல்லிற்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

இரண்டு வருஷத்தில் அவர் எண்பது வயதுக்காரர் போல ஆகிவிட்டார். கால் இரண்டும் குச்சியாய் இளைத்துப்போயின. அறுபத்துமூவர் உற்சவத்தன்று வாசல்வரை வந்தவர், சுவாமி எங்கள் வீதிக்கு வந்து சேரும்வரை நிற்க முடியாமல் உள்ளே திரும்பிவிட்டார். கூடத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு படுத்திருந்தார். இந்த மனுஷர் எனக்கு நிலைக்கமாட்டார் என்று அன்றுதான் பயந்தேன். இளமை திரும்பும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்த டானிக் ஒன்றை வாங்கி இரண்டு வேளையும் கொடுத்தேன். அதுவும் பலிக்காமல்தான் டாக்டரம்மாவை அழைத்தேன்.

வந்தவர் நாடி பார்ப்பதற்கு முன்னால் டானிக் பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார்.

"விசாலம், இதுல இருக்கிறது சர்க்கரைப் பாகும் சாராயமும். சிவபூஜை பண்ற வீட்டுல நீங்களே ரெண்டு வேளையும் ஊத்திக் கொடுத்திருக்கீங்க."

"அதானே பார்த்தேன். இந்த வீட்டுல அது ஒண்ணுதான் கொஞ்சம் நல்லா இருந்துச்சு" என்றார் எங்கள் வீட்டுக்காரர், நாற்காலியில் சாய்ந்தபடி.

டாக்டரம்மா சிரித்துவிட்டு, "முதலியார், கொஞ்சம் தரையில உட்கார்ந்து எழுந்திருங்க" என்றார். எங்கள் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எழத்தான் முடியவில்லை. ஒரு கையைத் தரையில் ஊன்றினார். மறு கையால் முக்காலியைப் பிடித்தார், அது சாய்ந்துவிட்டது. நான் ஓடினேன். "தொடாதீங்க!" என்று டாக்டரம்மா போட்ட சத்தத்தில், கீரை கொண்டுவந்த முனியம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முனியம்மா, உனக்கு என்ன வயசு?"

"அத்த யாரு கண்டாங்க? எம்டன் கப்பலு பட்டணத்துல குண்டு போடசொல்லவே நான் பேத்தி எடுத்துட்டேன்."

"உட்கார்ந்து எழுந்திரு பார்ப்போம்."

அவள் கூடையோடு உட்கார்ந்து கூடையோடு எழுந்தாள். எழுந்த பிறகு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்து, "எனக்கும் நாற்காலி போட ஆளு இருந்தா நானும் சாமியாட்டம் சாஞ்சிக்கினுதான் இருப்பேன்" என்றாள்.

"அவளைப் பார்த்துப் பொறாமைப்படாதீங்க. சுமந்து சுமந்து அவ முதுகு தேஞ்சுபோச்சு" என்றார் டாக்டரம்மா. "வேலை மிதமிஞ்சினாலும் உடம்பு கெடும், வேலையே இல்லாட்டியும் கெடும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "இவருக்கு வந்திருக்கிறது முக்காலும் வயசு இல்லை, விசாலம். உங்க உபசாரம்."

எனக்குக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, டாக்டரம்மா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். உடம்பு ஒரு தடவை கட்டி முடித்த வீடு அல்லவாம். தினமும் உள்ளே கொஞ்சம் இடிகிறது, தினமும் கொஞ்சம் கட்டப்படுகிறது. வயது ஏற ஏறக் கட்டுகிற கை தளர்கிறது. அது ஏன் தளர்கிறது என்று சீமை டாக்டர்களுக்கும் முழுசாகத் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். புழங்காத இடத்தை உடம்பு கட்டுவதில்லை. நடக்காத காலுக்குச் சதை எதற்கு என்று விட்டுவிடுகிறது.

அன்று முதல் அவர் காரியத்தை அவரே செய்ய வேண்டும், நான் கைத்தாங்கல் கொடுக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. சாப்பாடு தரையில். தண்ணீர்ப் பானை பின்கட்டில். சாயங்காலம் தெப்பக்குளத்தை ஒரு சுற்று. அது பழகியதும் ரேஷன் கடை வரிசையில் போய் நிற்க வேண்டும்.

"புருஷன் தண்ணிக்கு எழுந்து போறதைப் பார்த்துக்கிட்டு நான் உட்கார்ந்திருந்தா எனக்குப் பாவம் வருமே!" என்றேன்.

"எங்களுக்கு மாதா கோயில்ல பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்க வாராவாரம் வசதி இருக்கு. உங்களுடையதையும் சேர்த்துச் சொல்லிடறேன், போங்க" என்றார் டாக்டரம்மா.

ரேஷன் வரிசையில் அவர் பையோடு நின்ற முதல் நாளே எதிர்வீட்டு அம்மாள் கோயிலில் என்னை மடக்கினாள். "என்ன விசாலம், அவரை அரிசிக்கு நிக்க வச்சுட்டு நீ அம்பாளைச் சேவிக்க வந்துட்டியாக்கும்?" நான் தலையைக் குனிந்துகொண்டு பிராகாரம் சுற்றினேன். அன்று அம்பாளிடம் என்ன வேண்டிக்கொள்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது வாரம் குளத்தைச் சுற்றிவிட்டு வந்தவர் நிலைப்படியில் தடுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கிவிட்டது. டாக்டரம்மா ரிக்ஷாவில் ஓடிவந்து எலும்பைத் தடவிப் பார்த்து, முறிவு இல்லை என்று கட்டுப்போட்டார். "நாளைக்கு உட்காரட்டும். வீக்கம் வடிஞ்சதும் நிக்கட்டும்" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மாதா கோயில் வேதக்கார வீட்டுப் பேச்சைக் கேட்டு என் தாலிக்கு நானே உலை வச்சுக்கிட்டேன். இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றேன். டாக்டரம்மா பையை மூடிக்கொண்டு போனார். ஒரு வாய் காப்பிகூடக் கொடுக்காமல் அனுப்பினேன். இதை எழுதாமல் விடலாம். எழுதாவிட்டால் மற்றது எழுதியதில் பிரயோசனம் இல்லை.

மறுபடி சாய்வு நாற்காலி, மறுபடி முக்காலி. ஐந்தாறு நாள் போயிருக்கும். அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து என்னவோ தேய்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு காலை இழுத்து இழுத்துப் பின்கட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நான் சொம்பும் தண்ணீருமாக ஓடினேன்.

"விசாலம், அங்கேயே நில்லு."

"விழுந்துடப் போறீங்க!"

"நீ வந்தா நான் கிழவன். வராட்டி முழங்கால் வலிக்காரன், அவ்வளவுதான். நில்லுன்னா நில்லு."

நின்றேன். பானைவரை போய், மொண்டு குடித்து, மேலெல்லாம் சிந்திக்கொண்டு திரும்பி வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பென்ஷனுக்கு அப்புறம் பார்த்ததே இல்லை. மறுநாள் நான் சாந்தோம் போய் டாக்டரம்மா காலில் விழப் போனேன். "விழறது இருக்கட்டும், கையை ஊனாம எழுந்திருப்பீங்களா?" என்றார். அடுத்த அறுபத்துமூவருக்கு எங்கள் வீட்டுக்காரர் நாலு மாடவீதியும் நடந்தார்.

போன மாதம் டாக்டரம்மாவைக் கடைசியாகப் பார்த்தேன். இருதயம் தளர்ந்து, கட்டிலில் தலையணையை அணைகொடுத்து உட்கார்ந்திருந்தார். கை நடுக்கம் கண்டிருந்தது. எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. "இவ்வளவு தெரிஞ்ச உங்களுக்கே இப்படி வந்துட்டுதே, டாக்டரம்மா" என்று கேட்டுவிட்டேன்.

"வராம தடுக்க எனக்கு வழி தெரியாது, விசாலம். வந்த பிறகு அதோட எப்படி இருக்கிறதுன்னுதான் கொஞ்சம் தெரியும்."

வேலைக்காரப் பெண் கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். டாக்டரம்மா கரண்டியை எடுத்தார். அது வாய்க்குப் போவதற்குள் பாதி மேல்துணியில் சிந்திற்று. என் கை தானாக எழுந்தது. பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கரண்டியாக, இடையிடையே மூச்சு வாங்கிக்கொண்டு, கிண்ணம் காலியாகும்வரை அவரே சாப்பிட்டார். வாயையும் அவரே துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கஷ்டமா இருந்துதா?"

"ரொம்ப."

"எனக்கும்தான்" என்று சிரித்தார்.

டாக்டரம்மாவின் புத்தகங்கள் யார் யாருக்கோ போகும். எனக்கு அவரிடமிருந்து வந்தது, மடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பது. இன்று காலை எங்கள் வீட்டுக்காரர் டாக்டரம்மாவை வழியனுப்பச் சாந்தோமுக்குப் புறப்பட்டார். சட்டைப் பொத்தான் பிடிபடாமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. நான் எதிரில் உட்கார்ந்து சிவநாமம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசிப் பொத்தானையும் அவரே போட்டுக்கொண்டு, "வா, போகலாம்" என்றார்.