நடுப்பக்கத்து ஆடு

பக்கத்து வீட்டுத் துர்கா மீடியா படிக்கிறாள். தான் படித்த தமிழ்ப்பள்ளிக்கு ஒரு ஆண்டு மலர் வடிவமைத்துக் கொடுக்க வேண்டுமாம், காலேஜில் கொடுத்த வேலை. போன சனிக்கிழமை மடிக்கணினியைத் தூக்கி வந்து என் சாப்பாட்டு மேசையில் விரித்தாள். பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். இந்தக் குருபோங் ஊர் வீட்டில் அந்த மேசைக்கு நான் ஒருத்திதான். யாராவது வந்தால்தான் இரண்டாவது நாற்காலியைத் துடைப்பேன்.

“நடுப்பக்கம் மட்டும் காலியா இருக்கு பாட்டி. மேப்பு ஒண்ணு போடலாமா? யாரு வீடு எங்கன்னு குட்டி குட்டியா?”

“அதெல்லாம் வேணாம்” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே.

“ஏன்லா பாட்டி? அழகா இருக்கும்லா.”

தலைவலி என்று சொல்லி, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். அவள் போனதும் கேட்டைப் பூட்டினேன். பூட்டினேனா என்று மூன்று முறை போய்ப் பார்த்தேன். அது தினப்படி வழக்கம், அதற்குத் துர்கா பொறுப்பில்லை.

உங்களிடம் சொல்வதற்கென்ன, நானும் ஒரு காலத்தில் பத்திரிகை வடிவமைத்தவள்தான். சிரிக்காதீர்கள். ரெம்பியா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், வெள்ளைக்காரன் ஆட்சியின் அவசரகாலத்தில், ஐந்தாவது படிக்கும்போது. மொத்தமே ஒரு பிரதி. ஆண்டுக் கடைசியில் டவுனில் விழா, சுற்றுவட்டாரத் தோட்டப் பள்ளிகள் ஒவ்வொன்றும் ஒரு கையெழுத்து ஏடு கொண்டுவந்து மேசையில் வைக்க வேண்டும், நல்லதற்குப் பரிசு என்றார் வாத்தியார். டவுன் என்ற சொல்லே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். என் பெஞ்சில் பக்கத்தில் உட்காரும் மங்களத்தின் எழுத்து அச்சடித்தது போல இருக்கும். அதனால் எழுதுவது அவள். கோடு போடுவது, படம் போடுவது, ஒட்டுவது எல்லாம் நான். கணக்கெழுதும் கிராணி கழித்துப்போட்ட ஆபீஸ் தாள்களின் பின்பக்கம்தான் எங்கள் காகிதம். பசை காய்ச்ச மாவு ஏது? அரிசியே அளந்துதான் வந்தது. கொட்டாங்கச்சியில் ரப்பர் பால் வாங்கி வைத்து விரலால் தடவி ஒட்டுவோம். தாள் கிழியுமே தவிர ஒட்டு விடாது. இரண்டு நாளில் அது ஒரு நாற்றம் நாறும் பாருங்கள், செத்த எலி தோற்றுப்போகும். மங்களம் விரலில் காய்ந்த பாலை உரித்து, மிளகளவு உருண்டையாக உருட்டி என் மேல் எறிவாள். இன்றைக்கும் ரப்பர் வாடை எங்காவது வீசினால் எனக்குக் கழுத்தில் ஏதோ வந்து விழுந்த மாதிரி இருக்கும்.

நடுப்பக்கத்துக்குத் தோட்டத்தின் வரைபடம் என்பது என் யோசனை. பள்ளி, கோவில், குழாயடி, ரப்பர் ஷீட் காயும் புகைவீடு, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயங்கள், சுற்றிலும் முள்கம்பி வேலி. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று போட்ட வேலி அது. ஒரே கேட். அதில் காவல், சோதனை. வேறு வழியில் வெளியே போனவரைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

லய வீடுகள் எல்லாம் ஒரே மாதிரி. நாற்பது கட்டம் வரைந்து முடித்ததும் வகுப்பில் சண்டை. “எங்க வூடு எதுன்னு எப்டித் தெரியும்?” சரி என்று ஆளுக்கொரு அடையாளம் போட்டேன். ஒரு வீட்டுக்குப் பப்பாளி மரம், ஒரு வீட்டுக்கு நாய், ஒரு வீட்டுக்குக் கொடியில் காயும் சட்டை. கடைசி வீடு மங்களத்துடையது. அதற்கென்று சொல்ல எதுவுமில்லை, பின்பக்கத்து வேலியில் இருந்த ஓட்டையைத் தவிர. அவர்கள் ஆடு அதன் வழியாகத்தான் மேயப் போகும். ஆட்டைத் தேடவும், மரவள்ளிக் கிழங்கு பிடுங்கவும் அவள் அப்பாவும் அதில் குனிந்து போவார். லயத்தில் எல்லாருக்கும் தெரியும். யாரும் பேச மாட்டார்கள்.

நான் வேலியில் ஓர் ஓட்டை வைத்து, அதில் ஓர் ஆடு தலை நீட்டுவது போல வரைந்தேன்.

“ஆட்டுக்கு உன் மூஞ்சிய வச்சிட்டியேடி” என்று மங்களம் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒட்டி முடித்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. பிரிக்கவும் முடியாது, பால் ஒட்டு. அதன்மேல் மை ஊற்றியிருக்கலாம், ஆனால் பரிசு போய்விடுமே! விழாவுக்கு நான்கு நாள் இருந்தது. யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

விழாவன்று காலை லாரியில் ஏறுமுன் கேட்டில் சோதனை. காவலுக்கு நின்ற சின்னையா அண்ணன் ஏட்டைப் புரட்டி, நடுப்பக்கத்தில் கேட்டருகே நான் வரைந்து வைத்திருந்த தன்னைக் கண்டுபிடித்துவிட்டார்.

“என்னா புள்ள இது, என் தொப்பிய சட்டி மாரி போட்டு வச்சிருக்க? மீச எங்க? ஆம்பளைக்கு மீச வேணாமா?”

எல்லாரும் சிரித்தோம். அவர் ஏட்டை மூடி என் கையில் கொடுத்தும்விட்டார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

“அண்ணே, அந்த வேலி ஓட்ட சும்மா அழகுக்குப் போட்டதுண்ணே. அங்க நெசமாவே ஓட்ட இல்ல” என்றேன்.

ஓட்டையைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்கவில்லை. கேள்வி வராமலே பதில் வந்துவிட்டது.

அவர் முகம் மாறியது. “சரி சரி, ஏறு, ஏறு” என்று என்னை லாரிப் பக்கம் தள்ளினார். ஆனால் கொட்டகைக்குள் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன், தோட்டத்தோடு பழகித் தமிழ் பாதி அறிந்தவர், எழுந்து வந்தார். “ஓட்டையா? மானா ஓட்டை?” எங்கே என்று கேட்கிறார். நான் ஏட்டை விரித்துக் காட்டினேன். அது வெறும் படம்தான் என்று நிரூபிக்கத்தான் விரித்தேன். அப்போது அதுதான் புத்திசாலித்தனம் என்று தோன்றியது.

லாரி போகவில்லை. கடைசி வீட்டுக்குப் பின்னால் ஓட்டை இருந்தது, சுற்றிலும் ஆட்டுப் புழுக்கை இருந்தது, மனிதர் காலடியும் இருந்தது. மங்களத்தின் அப்பாவை வண்டியில் ஏற்றினார்கள். ஏட்டையும் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் அவர் திரும்பி வந்தார், கிழங்கைத் தவிர வேறெதுவும் கொண்டுபோகவில்லை என்று எப்படியோ நம்பவைத்து. ஆனால் தோட்டத்துத் துரை வேலை இல்லை என்றுவிட்டார். மறுநாளே சாமான் கட்டினார்கள்.

மங்களம் லாரியில் பாய்ச்சுருள் மேல் உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போய் நின்றேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

“எங்க வூட்டுக்கும் ஒரு நாய் போட்டிருக்கலாம்ல.”

லயத்தில் என்னை ஒருவரும் ஏசவில்லை. குழாயடிக்கு நான் போனால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான். பள்ளியில் என் பெஞ்சில் பக்கத்து இடம் அப்படியே கிடந்தது; வந்து உட்காரச் சொல்லி யாரையும் கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. லீவு முடிந்து நான் பள்ளிக்குப் போகவில்லை. அம்மாவோடு பால்வெட்டுக்குப் போனேன், மரத்தில் காய்ந்த பாலை உரித்துச் சேர்க்கிற வேலை. மரத்திடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

அவர்கள் மூவார் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், சிகாமட் என்றார் இன்னொருவர்; இரண்டும் ஜொகூர். கல்யாண வீடுகளில் ஜொகூர்க்காரர் யாரைப் பார்த்தாலும் விசாரிப்பேன். மங்களம் என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. ஆனால் எந்த மங்களமும் அவளில்லை.

அவசரகாலம் முடிந்ததும் கம்பியைச் சுருட்டி எடைக்குப் போட்டார்கள். பிறகு தோட்டம் கைமாறியது, லயங்கள் இடிந்தன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அதுவும் போய் வீட்டுமனை ஆனது. இரண்டு வருஷத்துக்கு முன் மகன் காரில் கூட்டிப்போனான். “எதும்மா உங்க லயம்?” என்றான். தார் ரோட்டில் இறங்கி நின்று இப்படியும் அப்படியும் பார்த்தேன். கோவில் இருந்த பக்கம் கூடத் தெரியவில்லை. வேலி எங்கே போயிற்று, ஓட்டை எங்கே இருந்தது என்று இப்போது யார் கேட்டாலும் என்னால் காட்ட முடியாது. காட்டத் தெரிந்த இன்னொருத்தி எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.